கருவுறுதல் மருந்துகளும் கருப்பை அகப்படலமும்: ஒரு வரலாறு

கருப்பையின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மென்மையான திசு அடுக்கு கருப்பை அகப்படலம் (எண்டோமெட்ரியம்) எனப்படும். கருவுற்ற முட்டை வந்து பதிந்து வளரும் இடம் இதுவே. சூலகத்திலிருந்து (சினைப்பை) முட்டை வெளிவராத பெண்களுக்கு அதனை வெளிவரச் செய்யும் மருந்துகள் 1960களிலிருந்து புழக்கத்தில் உள்ளன. அவற்றுள் மிகப் பரவலாகப் பயன்பட்டது குளோமிஃபீன் சிட்ரேட் என்னும் மாத்திரை. முட்டையை வெளிக்கொணர்வதில் இது பெரும் வெற்றி கண்டது. ஆனால் அதே மாத்திரை சில பெண்களுக்கு அகப்படலத்தை மெலியச் செய்கிறது என்பது பல ஆண்டுகள் கழித்தே தெளிவாகத் தெரிந்தது. முட்டை வந்தும் கரு தங்காதது ஏன் என்ற கேள்வியின் ஒரு பகுதிக்கு இதில் விடை கிடைத்தது. அந்த விடையைத் தேடிய வரலாற்றை இக்கட்டுரை விவரிக்கிறது.

அகப்படலத்தின் மாதச் சுழற்சி

மாதவிடாய் முடிந்தவுடன் அகப்படலம் மிக மெல்லியதாக, சில மில்லிமீட்டர் அளவே இருக்கும். அப்போது சூலகத்தில் ஒரு நுண்பை வளரத் தொடங்கும். முட்டையைத் தாங்கியிருக்கும் இந்த நுண்பை ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. ஈஸ்ட்ரோஜன் கிடைக்கக் கிடைக்க அகப்படலம் தடித்து வளர்கிறது. சுழற்சியின் நடுவில் முட்டை வெளியேறுகிறது. முட்டை வெளியேறிய நுண்பை மஞ்சள் நிற உடலமாக மாறிப் புரோஜெஸ்டிரோன் என்னும் மற்றொரு ஹார்மோனைச் சுரக்கிறது. இது அகப்படலத்தின் வளர்ச்சியை நிறுத்தி, அதன் சுரப்பிகளில் ஊட்டப்பொருளைச் சேர்த்து, கருவை ஏற்கும் நிலைக்கு அதனைப் பக்குவப்படுத்துகிறது.

உழவு முடிந்து நீர் பாய்ந்த வயலிலும் விதைப்பதற்கு ஒரு பதம் உண்டு. அதுபோல அகப்படலம் கருவை ஏற்பதற்கும் சில நாட்களே ஏற்றவை. 1999இல் அமெரிக்க ஆய்வாளர் ஆலன் வில்காக்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், நிலைத்த கர்ப்பங்களில் 84 விழுக்காடு முட்டை வெளியேறிய 8, 9, 10ஆம் நாட்களில் பதிந்தவை என்று கண்டறியப்பட்டது. அதற்குப் பின் பதிந்த கருக்கள் கலைந்துபோகும் வாய்ப்பு கூடிக்கொண்டே சென்றது. ஆகவே கர்ப்பம் தரிக்க முட்டை மட்டும் போதாது. குறித்த நேரத்தில் அகப்படலமும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

படலத்தை அறிந்துகொண்ட காலம்

அகப்படலம் மாதந்தோறும் உருமாறுகிறது என்பதே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் உறுதியானது. அதுவரை நுண்ணோக்கியில் தெரிந்த மாற்றங்கள் பலவற்றை மருத்துவர்கள் கருப்பை அழற்சி நோய் என்றே கருதினர். 1908இல் வியன்னா நகரின் ஃபிரிட்ஸ் ஹிட்ஷ்மன், லுட்விக் ஆட்லர் ஆகிய இருவரும், இவை நோயல்ல, நலமான பெண்ணின் இயல்பான மாதச் சுழற்சி என்று காட்டினர்.

அடுத்து, இந்த மாற்றங்களை ஆட்டுவிப்பது எது என்ற தேடல் நடந்தது. 1920களில் எட்கர் ஆலன், எட்வர்ட் டாய்சி ஆகியோரின் ஆய்வுகள் ஈஸ்ட்ரோஜனை அடையாளம் காட்டின. 1929இல் ஜார்ஜ் கார்னர், வில்லார்ட் ஆலன் ஆகியோர் முயல்களில் செய்த ஆய்வின் மூலம், மஞ்சள் உடலத்தின் சாறு கர்ப்பத்தை நிலைநிறுத்துவதைக் காட்டினர். 1934இல் அந்தச் சாற்றிலிருந்து புரோஜெஸ்டிரோன் தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்டது.

உயிருள்ள உடலுக்குள் அகப்படலம் மாறுவதைக் கண்ணால் காண வழியில்லாதிருந்த காலத்தில், ஜே. ஈ. மார்க்கி என்ற அமெரிக்க உடற்கூறியலாளர் வியப்பான வழியொன்றைக் கையாண்டார். ரீசஸ் குரங்குகளின் அகப்படலத் துண்டுகளை அவற்றின் கண்ணின் முன்னறையிலேயே பதியனிட்டார். அங்கு அத்துண்டுகள் உயிர்பிடித்து, ஹார்மோன்களுக்கு ஏற்ப வளர்ந்தன. உரிய நாளில் குருதியும் கசிந்தன. விழிவெண்படலத்தின் வழியே இவற்றை நேரடியாகப் பார்த்துப் பதிவு செய்த அவரது ஆய்வு 1940இல் வெளியானது.

1950இல் பாஸ்டனைச் சேர்ந்த ராபர்ட் நாய்ஸ், ஆர்தர் ஹெர்டிக், ஜான் ராக் ஆகிய மூவரும் ஒரு நாள்காட்டியையே உருவாக்கினர். அகப்படலத்திலிருந்து சிறு துண்டை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், முட்டை வெளியேறி எத்தனை நாளாயிற்று என்று கூறிவிடலாம் என்றனர். அடுத்த அரை நூற்றாண்டுக்கு இதுவே மகப்பேறின்மை மருத்துவத்தின் அளவுகோலாக இருந்தது.

சின்சினாட்டியில் பிறந்த மருந்து

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரில் வில்லியம் எஸ். மெர்ரல் என்ற மருந்து நிறுவனம் இருந்தது. 1950களில் அங்கு பணியாற்றிய லெனார்ட் லெர்னர் என்பவர், வேறொரு நோக்கத்திற்காகத் தயாரிக்கப்பட்டிருந்த ஒரு சேர்மத்தின் அமைப்பு, செயற்கை ஈஸ்ட்ரோஜன்களின் அமைப்பை ஒத்திருப்பதைக் கவனித்தார். ஈஸ்ட்ரோஜனைப் போலச் செயல்படும் என்று எதிர்பார்த்து அதனைச் சோதித்தபோது, அது ஈஸ்ட்ரோஜனின் செயலைத் தடுத்தது. மெர்-25 என்று பெயரிடப்பட்ட இதுவே ஸ்டீராய்டு அல்லாத முதல் ஈஸ்ட்ரோஜன் எதிர்ப்பி. இதைப் பற்றிய அறிக்கை 1958இல் வெளியானது.

பாஸ்டனைச் சேர்ந்த ராபர்ட் கிஸ்ட்னர், ஆலிவ் ஸ்மித் ஆகியோர் மெர்-25ஐ, அகப்படலம் மிகையாகத் தடித்துப்போன பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தனர். ஈஸ்ட்ரோஜனால் வளரும் படலத்தை ஈஸ்ட்ரோஜன் எதிர்ப்பி கட்டுப்படுத்தும் என்பதே எதிர்பார்ப்பு. ஆனால் இம்மருந்தை அதிக அளவில் கொடுக்க வேண்டியிருந்தது. மனக்குழப்பம் போன்ற பக்கவிளைவுகளும் தோன்றின. எனவே அது கைவிடப்பட்டது.

அதே நிறுவனத்தில் ஃபிராங்க் பாலபோலி குழுவினர் 1956இல் தயாரித்த மற்றொரு சேர்மம் எம்ஆர்எல்-41. இதுவே பின்னர் குளோமிஃபீன் எனப் பெயர் பெற்றது. எலிகளுக்குக் கொடுத்தபோது இது கருவுறுதலைத் தடுத்தது. ஆகவே முதலில் இதனைக் கருத்தடை மருந்தாகக் கருதவே இடமிருந்தது. மனிதர்களிடம் சோதித்தபோது நேர்மாறான விளைவு தெரிந்தது.

ஜார்ஜியா மாநிலத்து ஆகஸ்டா நகரின் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராபர்ட் கிரீன்பிளாட் குழுவினர், முட்டை வெளியேறாத 36 பெண்களுக்கு எம்ஆர்எல்-41ஐக் கொடுத்தனர். அவர்களில் 28 பேருக்கு முட்டை வெளியேறியதற்கான அடையாளத்துடன் மாதவிடாய் வந்தது. 1961இல் இந்த முடிவு வெளியானதும் மருத்துவ உலகின் கவனம் இம்மருந்தின் மேல் திரும்பியது. 1967இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதற்கு ஒப்புதல் அளித்தது. மாதவிடாயின் 5ஆம் நாள் தொடங்கி 5 நாட்களுக்கு நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் என்பது வழக்கமான தொடக்க அளவாயிற்று.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். குளோமிஃபீனின் குடும்பத்தைச் சேர்ந்த மருந்து, தடித்த அகப்படலத்தைக் குறைக்கும் என்ற எதிர்பார்ப்பில் முன்பே பெண்களுக்குத் தரப்பட்டிருந்தது. அந்தக் குடும்பத்து மாத்திரையே இப்போது, அகப்படலம் நன்கு வளர வேண்டிய பெண்களுக்குத் தரப்பட்டது. பின்னாளில் எழுந்த சிக்கலின் வித்து இதிலேயே இருந்தது.

மருந்து செயல்படும் விதம்

ஒரு ஹார்மோன் ஒரு திசுவில் வேலை செய்ய வேண்டுமானால், அத்திசுவின் செல்களில் அதனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி என்னும் புரதம் இருக்க வேண்டும். 1950களின் இறுதியில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் எல்வுட் ஜென்சன், கதிரியக்க அடையாளமிட்ட ஈஸ்ட்ரோஜனை இளம் எலிகளுக்குச் செலுத்தி ஆராய்ந்தார். தசை போன்ற திசுக்களிலிருந்து அது விரைவில் நீங்கியது. கருப்பையிலோ நெடுநேரம் தங்கியது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி என்ற கருத்து இவ்வாறு பிறந்தது.

குளோமிஃபீன் இந்த ஏற்பியில் போய் அமர்ந்துகொள்கிறது. பூட்டுக்குள் நுழைந்தும் திறக்காத சாவியை இதற்கு ஒப்பிடலாம். அது உள்ளே இருக்கும்வரை சரியான சாவியும் நுழைய முடியாது. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உள்ள ஏற்பிகள் இவ்வாறு அடைபட்டதும், உடலில் ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்டது என்று மூளை எடுத்துக்கொள்கிறது. உடனே பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி, நுண்பையை வளர்க்கும் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. சூலகத்தில் நுண்பை வளர்ந்து முட்டை வெளியேறுகிறது.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் மூளையில் மட்டும் இல்லை. கருப்பைக் கழுத்திலும் அகப்படலத்திலும் நிறைய உள்ளன. மாத்திரை அங்கும் செல்கிறது. கருப்பைக் கழுத்துச் சளி குறைந்து கெட்டியாவதும், அகப்படலத்தின் வளர்ச்சி தடைபடுவதும் இதனால் நிகழக்கூடியவை. குருதியில் ஈஸ்ட்ரோஜன் போதிய அளவு, சிலருக்கு வழக்கத்தைவிட மிகுதியாகவே இருக்கும். ஆனாலும் அதன் கட்டளை படலத்தைச் சென்றடையாது.

மருந்து உடலில் தங்கும் காலமும் இதில் முக்கியமானது. குளோமிஃபீன் மாத்திரை உண்மையில் இரு வடிவங்களின் கலவை. சுமார் 62 விழுக்காடு என்குளோமிஃபீன், சுமார் 38 விழுக்காடு சூக்குளோமிஃபீன். முதல் வடிவம் விரைவில் வெளியேறிவிடும். இரண்டாவது வடிவம் வாரக்கணக்கில் குருதியில் காணப்படும். 9ஆம் நாளில் கடைசி மாத்திரையை விழுங்கிய பெண்ணின் உடலில், கரு பதியவேண்டிய நாட்களிலும் மருந்தின் எச்சம் இருக்கிறது.

முட்டை வந்தும் கரு தங்காத புதிர்

குளோமிஃபீன் பரவலானதும் ஓர் இடைவெளி மருத்துவர்களின் கண்ணில் பட்டது. இம்மாத்திரை எடுத்துக்கொண்ட பெண்களில் 75 முதல் 80 விழுக்காட்டினருக்கு முட்டை வெளியேறியது. கர்ப்பம் தரித்தவர்களோ 35 முதல் 40 விழுக்காட்டினரே.

இந்த இடைவெளி முழுவதற்கும் அகப்படலமே காரணம் என்று கூறிவிட முடியாது. எந்தக் குறையும் இல்லாத தம்பதியருக்கும் ஒரு மாதத்தில் கர்ப்பம் உண்டாகும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கில் ஒன்று அல்லது ஐந்தில் ஒன்றுதான். கணவரின் விந்தணுக் குறைபாடு, கருக்குழாய் அடைப்பு, வயது ஆகியவையும் கணக்கில் வர வேண்டும். பலர் இரண்டு மூன்று மாதங்களிலேயே மருந்தை நிறுத்திவிடுவதும் உண்டு. 1983இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, பிற குறைகள் இல்லாத பெண்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தபோது, மாதாந்தரக் கர்ப்ப வாய்ப்பு இயல்பான அளவை நெருங்குகிறது என்று காட்டியது. ஆயினும் சில பெண்களின் நிலை இந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. மாதந்தோறும் முட்டை வந்தது; பிற சோதனைகள் சரியாக இருந்தன; கர்ப்பம் மட்டும் நிற்கவில்லை.

மீயொலி காட்டிய படலம்

1980களில் பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் மீயொலி ஸ்கேன் வந்தபின் நிலைமை மாறியது. அதுவரை திசுவை வெட்டி எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. கரு பதியக்கூடிய காலத்தில் அவ்வாறு செய்வதில் தயக்கமும் இருந்தது. ஸ்கேன் வந்ததும், வலியின்றி, நாள்தோறும்கூட அகப்படலத்தின் தடிமனை மில்லிமீட்டர் கணக்கில் அளக்க முடிந்தது.

1990இல் கனடாவின் டொரண்டோ நகரைச் சேர்ந்த கோனன், ராபர்ட் காஸ்பர் ஆகியோர், குளோமிஃபீன் எடுத்துக்கொண்ட பெண்களின் அகப்படல வளர்ச்சியை ஸ்கேன் மூலம் ஆராய்ந்து, மருந்துக்குப் பாதகமான விளைவு இருக்கக்கூடும் என்று அறிவித்தனர். தொடர்ந்து பல நாடுகளில் இத்தகைய ஆய்வுகள் நடந்தன. குளோமிஃபீன் எடுப்பவர்களில் 15 முதல் 50 விழுக்காட்டினருக்கு அகப்படலம் மெலிகிறது என்று அவை கூறின. இவ்வளவு பெரிய வேறுபாடு, பெண்ணுக்குப் பெண் விளைவு மாறுவதையும், எதனை மெல்லிய படலம் என்று கொள்வது என்பதில் ஆய்வுக்கு ஆய்வு அளவுகோல் மாறியதையும் காட்டுகிறது. பொதுவாக முட்டை வெளியேறும் சமயத்தில் 7 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மெல்லியது என்பது நடைமுறை வழக்காயிற்று.

இதனைச் சரிசெய்யச் சில வழிகள் முயன்று பார்க்கப்பட்டன. மாத்திரையை 5ஆம் நாளுக்குப் பதிலாக 2 அல்லது 3ஆம் நாளில் தொடங்கினால், படலம் மீள்வதற்குச் சில நாட்கள் கூடுதலாகக் கிடைக்கும் என்று கருதப்பட்டது. சுழற்சியின் பிற்பகுதியில் ஈஸ்ட்ரோஜனைத் தனியே கொடுத்தும் பார்த்தனர். பலன் எல்லோருக்கும் ஒரே சீராக இல்லை. ஏற்பியில் மருந்து அமர்ந்திருக்கும்போது வெளியிலிருந்து தரும் ஈஸ்ட்ரோஜனும் எளிதில் வேலை செய்ய முடியாது என்பதே இதற்கான விளக்கம்.

தமாக்சிஃபென்: மாறுபட்ட உறவு மருந்து

குளோமிஃபீனுக்கு நெருங்கிய உறவுடைய மருந்து தமாக்சிஃபென். இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற பெண் வேதியியலாளர் 1962இல் இதனைத் தயாரித்தார். இதையும் முதலில் கருத்தடைக்கு உதவுமென்று எண்ணியே ஆராய்ந்தனர். பெண்களிடம் இதுவும் முட்டையை வெளிக்கொணர்ந்தது. பின்னர் மார்பகப் புற்றுநோய் மருந்தாக இது உலகப் புகழ் பெற்றது.

அகப்படலத்தைப் பொறுத்தவரை இதன் போக்கு வேறு. மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் தமாக்சிஃபென், கருப்பையில் ஓரளவு ஈஸ்ட்ரோஜன் போலவே செயல்படுகிறது. மாதவிடாய் நின்ற பெண்கள் இதனை ஆண்டுக்கணக்கில் உட்கொள்ளும்போது அகப்படலம் தடிப்பதும், அகப்படலப் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடுவதும் உறுதிப்படுத்தப்பட்டுள்ளன. ஏறக்குறைய ஒரே அமைப்புடைய இரு மருந்துகளில் ஒன்று படலத்தை மெலியச் செய்கிறது, மற்றொன்று தடிக்கச் செய்கிறது. ஒரே ஏற்பி திசுவுக்குத் திசு வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும் என்ற இன்றைய புரிதலுக்கு இம்மருந்துகளே பாடமாக அமைந்தன.

லெட்ரோசோலின் வருகை

ஏற்பியை அடைக்காமல் மூளையைத் தூண்ட வழியுண்டா என்று 1990களின் இறுதியில் டொரண்டோவில் மொஹமத் மிட்வாலி, ராபர்ட் காஸ்பர் ஆகியோர் ஆராய்ந்தனர். அவர்கள் தேர்ந்தெடுத்தது லெட்ரோசோல். மாதவிடாய் நின்ற பெண்களின் மார்பகப் புற்றுநோய்க்காக 1997இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்து அது. உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாகத் தேவையான அரோமட்டேஸ் என்னும் நொதியை அது தடுக்கிறது.

ஈஸ்ட்ரோஜன் உற்பத்தி சில நாட்களுக்குக் குறைந்ததும், மூளை முன்போலவே பிட்யூட்டரியைத் தூண்டுகிறது. ஆனால் இங்கு எந்த ஏற்பியும் அடைபடவில்லை. மருந்தின் அளவு இரண்டு நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து, விரைவில் நீங்கிவிடுகிறது. பின்னர் நுண்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் தடையின்றி அகப்படலத்தை அடைகிறது.

2001இல் வெளியான அவர்களது முதல் ஆய்வில், குளோமிஃபீனால் தக்க பலன் பெறாத பெண்களுக்கு 3ஆம் நாள் முதல் 7ஆம் நாள் வரை 2.5 மில்லிகிராம் லெட்ரோசோல் கொடுக்கப்பட்டது. சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு (பிசிஓஎஸ்) உடைய 12 பேரில் 9 பேருக்கு முட்டை வெளியேறியது. 3 பேர் கர்ப்பம் தரித்தனர். அதே பெண்களின் முந்தைய குளோமிஃபீன் சுழற்சிகளோடு ஒப்பிட்டபோது அகப்படலம் தடித்திருந்தது. சிறிய ஆய்வுதான் என்றாலும், புதிய பாதையைத் திறந்துவிட்டது.

அச்சமும் தடையும்

2005இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் நடந்த மாநாடு ஒன்றில், லெட்ரோசோலால் பிறந்த 150 குழந்தைகள் பற்றிய தகவல் முன்வைக்கப்பட்டது. இதயம், எலும்பு தொடர்பான சில பிறவிக் குறைகள் கூடுதலாக இருப்பதாக அதில் கூறப்பட்டது. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவர்களோ, பொது மருத்துவமனையில் இயல்பாகப் பிரசவித்த பெண்கள். வயதாலும் உடல்நிலையாலும் இரு பிரிவினரும் ஒத்தவர்கள் அல்லர். எனினும் செய்தி பரவியது. மருந்தைத் தயாரித்த நோவார்ட்டிஸ் நிறுவனமே, கருவுறுதலுக்கு இதனைப் பயன்படுத்த வேண்டாம் என்று மருத்துவர்களை எச்சரித்தது. 2006இல் கனடாவின் ஐந்து மையங்களிலிருந்து 911 குழந்தைகளை ஆராய்ந்த டுலாண்டி குழுவினர், லெட்ரோசோலால் பிறந்தவர்களுக்குக் குளோமிஃபீனால் பிறந்தவர்களைவிடப் பிறவிக் குறைகள் அதிகமில்லை என்று காட்டினர்.

இந்தியாவிலும் இதன் எதிரொலி கேட்டது. கருவுறுதலுக்காக லெட்ரோசோலைப் பயன்படுத்துவதை இந்திய அரசு 2011 அக்டோபரில் தடை செய்தது. உரிய சோதனைகளின்றி இப்பயன்பாட்டுக்கு முன்னர் ஒப்புதல் அளிக்கப்பட்ட முறையை, 2012 மே மாதம் வெளியான நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை கண்டித்தது. மருந்தின் தன்மை ஒரு கேள்வி. அதற்கு ஒப்புதல் தந்த முறை மற்றொரு கேள்வி. இரண்டும் ஒன்றோடொன்று கலந்தே அந்நாளில் விவாதிக்கப்பட்டன. 2017இல் இத்தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில், குளோமிஃபீனால் படலம் மெலியும் பெண்களுக்கு இந்தியாவில் இம்மாற்று மாத்திரையை முறைப்படி எழுதித் தர வழியில்லாமல் இருந்தது.

இதற்கிடையே 2014இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் லெக்ரோ தலைமையிலான பெரிய ஆய்வின் முடிவு வந்தது. சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு உடைய 750 பெண்கள் இதில் பங்கேற்றனர். உயிருடன் குழந்தை பிறந்தது லெட்ரோசோல் பிரிவில் 27.5 விழுக்காட்டினருக்கு; குளோமிஃபீன் பிரிவில் 19.1 விழுக்காட்டினருக்கு. பிறவிக் குறைகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2018இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல், இக்கோளாறு உடைய பெண்களுக்கு முட்டை வெளியேற்றத்திற்கான முதல் மருந்தாக லெட்ரோசோலைப் பரிந்துரைத்தது.

ஊசி மருந்துகளும் சோதனைக்குழாய்க் குழந்தைகளும்

மாத்திரைகளுக்கு முன்பே மற்றொரு வழியும் தொடங்கியிருந்தது. 1949இல் இத்தாலிய வேதியியலாளர் பியரோ டோனினி, மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து, சூலகத்தை நேரடியாகத் தூண்டும் கொனாடோட்ரோபின் ஹார்மோன்களைப் பிரித்தெடுத்தார். பின்னாளில் இதற்கான சிறுநீர், இத்தாலியில் முதிய கன்னியாஸ்திரீகள் வாழ்ந்த இல்லங்களிலிருந்து பெருமளவில் திரட்டப்பட்டது. இவ்வாறு கிடைத்த ஊசி மருந்து ஏற்பிகளை அடைப்பதில்லை. ஆனால் ஒரே நேரத்தில் பல நுண்பைகளை வளர்த்து, ஹார்மோன் அளவுகளை இயல்புக்கு மேல் உயர்த்துகிறது. புரோஜெஸ்டிரோன் உரிய காலத்திற்கு முன்பே உயர்ந்தால், அகப்படலம் முந்திப் பக்குவமடைந்துவிடும். அப்போது கரு வந்து சேரும் நாளில், அதனை ஏற்கும் காலம் கடந்திருக்கக்கூடும்.

இங்கிலாந்தில் ராபர்ட் எட்வர்ட்ஸ், பேட்ரிக் ஸ்டெப்டோ ஆகியோர் 1970களில் மருந்துகளால் தூண்டப்பட்ட சுழற்சிகளில் பலமுறை முயன்றும் குழந்தை பிறக்கவில்லை. 1978 ஜூலை 25இல் பிறந்த உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன், மருந்தின்றி இயற்கையாக வந்த சுழற்சியில் எடுத்த முட்டையால் உருவானவர்.

அதே ஆண்டு அக்டோபர் 3இல் கொல்கத்தாவில் துர்கா என்று அழைக்கப்பட்ட பெண் குழந்தை பிறந்தது. மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய் குழுவினர் ஊசி மருந்தால் சூலகத்தைத் தூண்டி முட்டை எடுத்தனர். கருவை உறையவைத்து 53 நாட்கள் காத்தனர். பின்னர் மருந்தின் பாதிப்பு இல்லாத வேறொரு சுழற்சியில் அதனைக் கருப்பையில் வைத்தனர். முட்டைக்கு ஒரு மாதம், அகப்படலத்திற்கு மற்றொரு மாதம் என்று பிரித்த இம்முறையே இன்று உலகெங்கும் நடைமுறையில் உள்ளது. ஆனால் அவரது கூற்றை ஆராய மேற்கு வங்க அரசு அமைத்த குழு அதனை ஏற்க மறுத்தது. அவமதிப்புகளுக்கு ஆளான அவர் 1981 ஜூன் 19இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். உறைகருவிலிருந்து வெளிநாட்டில் குழந்தை பிறந்தது 1984இல், ஆஸ்திரேலியாவில். இந்தியாவில் ஆவணப்படுத்தப்பட்ட முதல் சோதனைக்குழாய்க் குழந்தையை 1986இல் உருவாக்கிய குழுவைச் சேர்ந்த அறிவியலாளர் டி. சி. ஆனந்தகுமார், முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்தபின், அப்பெருமை அவருக்கே உரியது என்று 1997இல் எழுதினார்.

2016இல் சீனாவில் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு உடைய 1,508 பெண்களிடம் நடந்த ஆய்வில், உறைகருவால் 49.3 விழுக்காட்டினருக்கும், உடனே வைத்த கருவால் 42 விழுக்காட்டினருக்கும் குழந்தை பிறந்தது. 2018இல் வெளியான வேறு இரு ஆய்வுகள், இயல்பாக முட்டை வெளியேறும் பெண்கள் அல்லது இக்கோளாறு இல்லாத பெண்களிடம் இத்தகைய வேறுபாட்டைக் காணவில்லை. யாருக்கு எது பொருந்தும் என்பது பெண்ணின் உடல்நிலையைப் பொறுத்தே அமைகிறது.

இன்றைய புரிதல்

அகப்படலத்தின் தடிமன் மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை என்பது இப்போது தெளிவாகியுள்ளது. 2004இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு, 1950ஆம் ஆண்டின் திசு நாள்காட்டி முறையால் கருவுறக்கூடிய பெண்களையும் மகப்பேறற்ற பெண்களையும் பிரித்தறிய முடியவில்லை என்று காட்டியது. 2015இல், காரணம் தெரியாத மகப்பேறின்மை உடைய 900 பெண்களிடம் நடந்த ஆய்வில், ஊசி மருந்தால் 32.2, குளோமிஃபீனால் 23.3, லெட்ரோசோலால் 18.7 விழுக்காட்டினருக்குக் குழந்தை பிறந்தது. படலத்தை மெலியச் செய்யாத லெட்ரோசோல் இப்பெண்களுக்குக் குளோமிஃபீனை விஞ்சவில்லை.

ஸ்கேன் அறிக்கையில் 6 மில்லிமீட்டர் என்ற எண்ணைக் கண்டதும் நம்பிக்கை இழக்கும் பெண்கள் பலர். 7 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் வாய்ப்பு குறையக்கூடும். ஆனால் அதனினும் மெல்லிய படலத்தில் கர்ப்பம் நிலைத்த நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. மருந்தால் மெலிந்த படலம் நிலையான குறையும் அன்று. மருந்தை நிறுத்தியதும் அது மாதவிடாயில் உதிர்ந்து, அடுத்த சுழற்சிகளில் மீண்டும் வளர்கிறது. மருந்தை மாற்றவும், தொடங்கும் நாளை மாற்றவும், கருவை உறையவைத்துக் காத்திருக்கவும் இன்று வழிகள் உள்ளன. குளோமிஃபீனும் வழக்கொழிந்துவிடவில்லை. குறைந்த விலையில் எளிதாகக் கிடைப்பதால் பல நாடுகளில் அது இன்னும் பயன்பாட்டில் உள்ளது. பொதுவாக ஆறு சுழற்சிகளுக்கு மேல் அதனைத் தொடர்வதில்லை. முதல் சுழற்சிகளிலேயே ஸ்கேன் செய்து, நுண்பை வளர்ந்ததா என்பதோடு அகப்படலம் எவ்வாறு வளர்ந்துள்ளது என்பதையும் சேர்த்துப் பார்ப்பது மருத்துவர்களின் வழக்கமாகியுள்ளது.